அஞ்சலையின் கையில் ஒரு பிழையும் இருக்கவில்லை

பொறியியலாளர் ஐயா, நீங்கள் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை ஒரே ஒரு சொல்லால் கெடுத்தீர்கள். தெரிந்துகொண்டே கெடுத்தீர்கள். இதை உங்கள் முகத்துக்கு நேரே ஒருமுறை சொல்லிவிட்டேன். இப்போது எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

வருகிற மாதம் உங்களுக்குப் பாராட்டு விழா. அழைப்பிதழ் எனக்கும் வந்தது. "வன்னியின் முதல் கொம்பியூட்டரைத் தம் கையாலேயே உருவாக்கியவர்" என்று உங்கள் பெயருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். பெயரை நான் இங்கே எழுதவில்லை. கிளிநொச்சிச் சந்தியில் ஒட்டியிருக்கிற நோட்டீசில் அது பெரிதாகத்தான் இருக்கிறது.

விழாக் குழுவில் இருந்து இருவர் என் வீட்டுக்கு வந்தார்கள். "மணியண்ணை, நீங்கள் ஐயாவோட கனகாலம் வேலை செய்தனீங்கள். அவர் கொம்பியூட்டர் செய்த கதையை மலருக்கு எழுதித் தாங்கோ" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். "இதைப் போடேலாது அண்ணை. இது பாராட்டு மலரெல்லோ" என்றார் ஒருவர். மற்றவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதனால்தான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

நான் மெக்கானிக். வவுனியாவில் ஒரு அரிசி ஆலையில் எண்ணெய் துடைக்கிற வேலையில் தொடங்கி, மோட்டார் சுற்றப் பழகி, எழுபத்தேழில் கிளிநொச்சியில் ஒரு விவசாயச் சங்கத்தில் சேர்ந்தேன். கடந்த வருடம் ஓய்வு பெற்றேன். இடையில் செய்ததெல்லாம் வாட்டர் பம்ப், ஆலை மோட்டார், மருந்தடிக்கிற மெசின். அதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. பம்ப் பழுதாகும், திருத்துவோம், திரும்பவும் பழுதாகும்.

பொறியியலாளர் சங்கத்துக்கு வந்தது எண்பதில். நல்ல வேலைக்காரர். இதைச் சொல்லாவிட்டால் நான் பொய்யன். சத்தம் போட மாட்டார். வெள்ளைச் சேட்டுக் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துக் கேட்பார்: "பழுது எப்ப வந்தது எண்டு கேளாதையும் மணியம். அதுக்கு முன்னம் என்ன நடந்தது எண்டு கேளும்." இன்னொன்றும் சொல்வார்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது பழுது என்று கடைசி வரைக்கும் தெரியாது. நான் இரண்டு திருகாணியை ஒன்றாகக் கழற்றினால்கூட ஒன்றைத் திருப்பிப் பூட்டச் சொல்வார்.

ஒருமுறை ஒரு பம்பின் தண்டு முறிந்துவிட்டது. தோட்டத்துக் கூலிக்காரன்தான் முறித்தான் என்று சொந்தக்காரர் அவனை அடிக்கப் போனார். பொறியியலாளர் நடுவில் போய் நின்றார். "ஆளைப் பார்க்காதேங்கோ, சாமானைப் பாருங்கோ" என்றார். முறிந்த இடத்தில் பழைய வெடிப்பு இருந்தது. துரு ஏறிய வெடிப்பு. அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். அன்றைக்கு எனக்கு அந்த மனுசனைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

ஆளைப் பார்க்காதே, சாமானைப் பார். இதைச் சொன்னது நீங்கள்தானே ஐயா?

எண்பத்து நாலில் அவர் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய் வந்தபோது ஒரு கொம்பியூட்டரின் பலகைகளையும் துண்டு துண்டாக மற்றச் சாமான்களையும் கொண்டுவந்தார். மாதக்கணக்காகத் தன் வீட்டு மேசையில் வைத்துப் பொருத்தினார். ட்ரான்ஸ்போமரை நான் சுற்றிக் கொடுத்தேன். திரைக்கு ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை ரீவி. கணக்கை ஏற்றி இறக்க ஒரு கசெற் றெக்கோடர். ஏற்றுகிற நேரத்துக்குள் ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். அவர் வீட்டில் அது மூடியில்லாமல், குடலெல்லாம் வெளியே தெரியத்தான் வேலை செய்தது. நன்றாக வேலை செய்தது. எந்த ஊருக்கு எவ்வளவு விதைநெல், எவ்வளவு உரம் என்று சொல்லிக் காட்டியபோது எங்கள் தலைவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

சங்கத்துக்குக் கொண்டுவருகிறபோது பெட்டி வேண்டும் என்றார். தகரத்தில் அடித்தோம். மேல் தகட்டில் காற்றுப் போக ஓட்டைகள் வைத்தோம். முதல் கிழமையே ஒரு பல்லி உள்ளே விழுந்து செத்தது. ஓட்டைகளை ஈயம் வைத்து அடைக்கச் சொன்னார். அடைத்தோம்.

பிறகு உறை வந்தது. எங்கள் செம்மண் தூசி தெரிந்தவர்களுக்கு உறை ஏன் என்று விளக்கத் தேவையில்லை. எங்கள் வீடுகளில் றேடியோவுக்கு உறை, தையல் மெசினுக்கு உறை, ரீவிக்கு உறை. சுருக்கு வைத்துத் தைத்து, பூவும் போட்டிருப்பார்கள். பொறியியலாளரின் மனைவி கடும் சிவப்பு வெல்வெற்றில், கரையில் மஞ்சள் குஞ்சம் வைத்து ஒரு உறை தைத்து அனுப்பினா. பொறியியலாளர் சட்டம் போட்டார். மெசினில் வேலை செய்கிறபோது உறையின் முன்பக்கத்தை மட்டும் மடித்து மேலே போட வேண்டும். எழும்பினால் முழுதாக மூடிவிட்டுத்தான் எழும்ப வேண்டும். கணக்கைத் திரும்ப ஏற்ற நேரம் போகும் என்பதால் மதியச் சாப்பாட்டுக்கு மெசினை நிற்பாட்டவும் கூடாது.

மெசினுக்கு முன்னால் இருந்து வேலை செய்ய இரண்டு பேர். ஒருவர் கனகசபை. சங்கத்துப் பழைய கிளாக்கர். உறையை உருவிக் கதிரையில் போட்டு அதற்கு மேலேயே இருப்பார். "குஷன் நல்லாயிருக்கு மணியண்ணை" என்பார். மற்றது அஞ்சலை.

அஞ்சலையின் குடும்பம் எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து அடிபட்டு வந்து ஸ்கந்தபுரத்துக்கு அங்கால் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். வரும்போது அவள் சின்னப் பிள்ளை. இங்கே படித்து, கணக்கில் திறமைச் சித்தி எடுத்து, ரைப்பிங் பழகி, தற்காலிக வேலைக்குச் சங்கத்துக்கு வந்தாள். அந்த வருட முடிவில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தக் குடியேற்றத்தில் இருந்து கதிரையில் இருந்து செய்கிற உத்தியோகத்துக்கு வந்த முதல் ஆள் அவள். பஸ்சால் இறங்கினால் செருப்பைக் கையில் எடுத்து, கால் கழுவி, காலைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் உள்ளே வருவாள். பொறியியலாளர் சொன்ன சட்டத்தில் ஒரு எழுத்து மீற மாட்டாள். முன்பக்கத்தை மட்டும் அளவாக மடிப்பாள். குஞ்சத்தைக்கூட நேராக்கிவிடுவாள்.

சில கிழமையில் மெசின் நிற்கத் தொடங்கியது. மதியத்துக்குப் பிறகு, அவள் வேலை செய்துகொண்டு இருக்கும்போது, திரை பொட்டென்று இருளும். கொஞ்ச நேரத்தில் தானாகவே வெளிச்சம் வரும். ஆனால் உள்ளே ஏற்றிய கணக்கெல்லாம் போயிருக்கும். அவள் அழாக்குறையாகத் திரும்ப ஏற்றுவாள். கனகசபை இருந்தால் நிற்காது.

"பிள்ளை, உன்னைக் கண்டால் மெசினுக்கு வெக்கம் வந்து கண்ணை மூடுது" என்று கனகசபை பகிடி விட்டார். "போங்கண்ணே" என்று சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது.

என்னைப் பார்க்கச் சொன்னார்கள். நான் பழகிய முறைப்படி பார்த்தேன். முதலில் பிளக், பிறகு வயர், பிறகு பியூஸ். ஒன்று ஒன்றாக மாற்றினேன். நிற்பது நிற்கவில்லை. மதியத்துக்குப் பிறகு பக்கத்து அரிசி ஆலை ஓடத் தொடங்கும், அப்போது மின்சாரம் இறங்கும். அதுதான் காரணம் என்று நினைத்து ஆலையில் இருந்து ஸ்ரபிலைசரைத் தூக்கிவந்து மாட்டினேன். அப்படியும் நின்றது. ஆலைக்காரரிடம் கெஞ்சி ஒரு நாள் ஆலையையே நிற்பாட்டினேன். அன்றைக்கும் நின்றது. பெட்டியைத் திறந்து ஈயம் பற்றாத இடங்களைத் தேடித் தேடிப் பற்றவைத்தேன். திறந்து வைத்துப் பார்த்தால் நிற்காது. மூடிக் கொடுத்தால் நிற்கும். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. கொம்பியூட்டர் எனக்குப் புதுச் சாமான்.

இதற்கிடையில் திறப்பு விழா வந்தது. கொழும்பில் இருந்து பெரியவர்கள் வருகிறார்கள் என்று வாழை கட்டி, குத்துவிளக்கு வைத்து, மெசினுக்கு மாலையும் போட்டார்கள். தலைவர் உறையை இழுத்துத் திறந்து வைப்பது என்று ஏற்பாடு. கணக்கை ஏற்றி, மெசினை ஓடவிட்டு, உறையால் முழுதாக மூடி, காலையில் இருந்து காத்திருந்தோம். விருந்தினரின் வாகனம் எங்கேயோ சோதனையில் மறிபட்டு மதியம்தான் வந்தது. தலைவர் உறையை இழுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பொறியியலாளர் அஞ்சலையை முன்னுக்குக் கூப்பிட்டார். அவள்தான் கெட்டிக்காரி. புதுச் சேலை கட்டி வந்திருந்தாள். மெசினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு விசையை அழுத்தினாள்.

திரை இருண்டது.

வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். தலைவருக்கு முகம் கறுத்தது. அவர்கள் சாப்பிடப் போன பிறகு தலைவர் கேட்டார்: "ஆர் இதில முதல் கை வைச்சது? ஆரைக் கேட்டு இவளைக் கை வைக்க விட்டனீங்கள்? இந்தப் பெட்டை இருந்தாத்தான் மெசின் நிக்குது எண்டு எல்லாருக்கும் தெரியும். இவளின்ர கை ராசியில்லாத கை. என்ன பொறியியலாளர், நான் சொல்லுறது சரிதானே?"

அஞ்சலை வாசலில் நின்றாள். அவளுக்குக் கேட்டது. நானும் நின்றேன். கனகசபையும் நின்றார். பொறியியலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெல்லச் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"இருக்கலாம்."

படித்த மனுசன். பொறியியலாளர். அந்த மெசினின் ஒவ்வொரு துண்டையும் தன் கையால் பற்றவைத்தவர். அவர் "இருக்கலாம்" என்றால் அதற்கு மேல் யார் என்ன சொல்வது?

எனக்கு விசர் பிடித்தது. அடுத்த நாள் என் வேலை எல்லாவற்றையும் போட்டுவிட்டு அஞ்சலைக்குப் பக்கத்தில் ஒரு வாங்கில் போய் இருந்தேன். மெசினைப் பார்க்கவில்லை. அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்தேன். பழுதுக்கு முன்னம் என்ன நடந்தது என்றுதானே பார்க்க வேண்டும்? மதியம் அவள் சாப்பாட்டுக்கு எழும்பினாள். மடித்த முன்பக்கத்தை இறக்கி, சுருக்கைச் சரிசெய்து, மூடிவிட்டுப் போனாள். நான் உறைக்குள் கையை விட்டுத் தகரத்தைத் தொட்டேன். சோறு வடித்த பானையைத் தொட்டது மாதிரி இருந்தது.

உள்ளே மின்சாரத்தை ஐந்து வோல்ட்டில் பிடித்து வைக்கிற ஒரு சின்னத் துண்டு உண்டு. சூடு மீறினால் தான் எரிந்துபோகாமல் இருக்க அது தானாகவே நின்றுவிடும். ஆறினால் திரும்ப வேலை செய்யும். ஓட்டை அடைத்த பெட்டி. அதற்கு மேல் வெல்வெற். விசை அழுத்தி வேலை வாங்கினால் சூடு இன்னும் கொஞ்சம் ஏறும். நிற்காமல் என்ன செய்யும்?

மறுநாள் அஞ்சலையிடம், "பிள்ளை, இண்டைக்கு உறை வேண்டாம்" என்றேன்.

"ஐயா திட்டுவாருங்கண்ணே."

"திட்டினால் என்னைத் திட்டட்டும்."

அன்றைக்கு ஒபிஸ் பூட்டுகிற வரைக்கும் மெசின் நிற்கவில்லை. அதற்கு அடுத்த நாள் கனகசபையைப் பிடித்து இருத்தினேன். உறையை அஞ்சலை போடுகிற மாதிரியே போட்டேன். மதியத்துக்கும் மூடினேன். சாப்பிட்டுவிட்டு வந்து ஏப்பம் விட்டுக்கொண்டு கனகசபை இரண்டு விசை அழுத்த, திரை இருண்டது. மனுசன் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினார்.

"ஐயோ மணியண்ணை, என்ரை கையும் பழுதாப் போச்சே!"

அஞ்சலை சிரித்தாள். அவள் சிரித்து நான் கண்டது அதுதான் கடைசி. சொன்னதைச் சொன்னபடி செய்தவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் அவள் கையில் மட்டும் நின்றது. இவ்வளவுதான் விசயம்.

நேரே பொறியியலாளரின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் சொன்னார்:

"எனக்குத் தெரியும் மணியம்."

"என்ன தெரியும்?"

"அது சூடு. திறப்பு விழாவுக்கு முன்னமே யோசிச்சனான். சூட்டை இழுக்கப் பின்னுக்கு ஒரு பெரிய அலுமினியத் தகடு போட்டாச் சரிவரும். போடுவம்."

"அப்ப அந்தப் பிள்ளை?"

"இருக்கட்டும். அது வேறை விசயம்."

"வேறை விசயமோ? ஐயா, அவளின்ர கை எண்டு தலைவர் சொல்ல நீங்கள் இருக்கலாம் எண்டு சொன்னனீங்கள்."

"கொழும்பு வரைக்கும் தெரிய நான் செய்த பெட்டி பிழை எண்டு சொல்லச் சொல்லுறீரோ? அடுத்த வருசம் இன்னும் ரெண்டு மெசினுக்குக் காசு கேட்டிருக்கு. இதைக் கெடுக்க வேண்டாம். அவ தோட்டக்காட்டுப் பிள்ளை, எங்கையும் கூலி வேலை செய்து பிழைச்சுக்கொள்ளுவா."

இதையும் அவர் சத்தம் போடாமல்தான் சொன்னார்.

நான் நிர்வாகக் கூட்டத்துக்குப் போய், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நின்று சொன்னேன். உறையைச் சொன்னேன், சூட்டைச் சொன்னேன், கனகசபை கையிலும் நின்றதைச் சொன்னேன். கனகசபையைக் கேட்டார்கள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு இதுகள் விளங்காது" என்றார். தலைவர் பொறியியலாளரைப் பார்த்தார்.

"மணியம் நல்ல வேலைக்காரன்" என்றார் பொறியியலாளர். "ஆனா பம்ப் வேறை, கொம்பியூட்டர் வேறை."

எல்லோரும் சிரித்தார்கள். "போய்ப் பம்பைப் பார்" என்றார் தலைவர். அந்த மாத முடிவோடு அஞ்சலையை நிற்பாட்டினார்கள்.

அவள் போன கிழமையே பொறியியலாளர் அலுமினியத் தகட்டைப் போட்டார். பின்பக்கத்தில் ஒரு சின்னக் காற்றாடியும் வைத்தார். உறையையும் பேசாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு மெசின் ஒருநாளும் நிற்கவில்லை.

அதுதான் கொடுமை. மெசின் நிற்காமல் ஓட ஓட, ஊர் என்ன சொன்னது? "பார்த்தியளே, அந்தப் பெட்டை போனாள், மெசின் சுகமாப் போச்சு." அவர் திருத்திய திருத்தமே அவளுக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. உரம் எடுக்க வருகிற கமக்காரர் எல்லோரும் அந்தக் கதையைத் தங்கள் ஊருக்குக் கொண்டு போனார்கள். நான் எத்தனை பேருக்குச் சொன்னாலும், "நீ அவளுக்கு ஏன் இவ்வளவு பரிஞ்சு கதைக்கிறாய்?" என்று கண்ணைச் சிமிட்டினார்கள். பிறகு அவளுக்காகவே வாயை மூட வேண்டி வந்தது.

கடந்த வருடம், ஓய்வு பெறப் போகிற நேரத்தில், ஸ்கந்தபுரத்தில் ஒரு தோட்டத்துக்குப் பம்ப் திருத்தப் போனேன். மிளகாய்க் கன்று நடுகிற நாள். பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டார்கள். ஒருத்தி மட்டும் வாளியோடு தூரத்தில் நின்றாள். அஞ்சலை. மெலிந்துபோயிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் விதைக்கவும் நடவும் கைராசி பார்ப்பார்கள். முதல் கன்றை ராசியான கை உள்ளவரைக் கூப்பிட்டு நடுவிப்பார்கள். அதைக்கூட விடலாம். ஆனால் அஞ்சலையை எந்தக் கன்றையும் தொட விடவில்லை. தோட்டக்கார அம்மாவைக் கேட்டேன்.

"அவள் தண்ணி அள்ளட்டும். மிளகாய்க் கண்டில கை வைக்க வேண்டாம். சங்கத்து மெசினே அவளின்ர கை பட்டு நிண்டதாமெல்லே? பெரிய இஞ்சினியரே சொன்னவராம்" என்றா.

அந்த ஊரில் கூலி வேலை என்றால் விதைப்பும் நடுகையும்தான் முக்கியம். அவை இரண்டும் அவளுக்கு இல்லை. எங்கையும் பிழைத்துக்கொள்வா என்றீர்களே ஐயா, எங்கே பிழைப்பது?

வரம்பில் இருத்தி அவளுக்கு எல்லாம் சொன்னேன். உறை, சூடு, தகடு, எனக்குத் தெரியும் என்று அவர் சொன்னது. பொறுமையாகக் கேட்டாள். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"தங்கச்சி கல்யாணத்துல கூட நான் எதையும் தொடலீங்கண்ணே. அம்மாதான் வேணாம்னாங்க" என்றாள். "வீட்டுக்குப் பின்னால ஒரு கத்தரி வச்சுப் பாத்தேன். அதுவும் பட்டுப்போச்சு."

"கோடையில தண்ணி இல்லாமல் பட்டிருக்கும் பிள்ளை. உன்ரை கையில ஒண்டும் இல்லை."

"நீங்க சொல்றீங்கண்ணே. ஐயா சொல்லலியே."

அவள் படித்த பிள்ளை. கணக்கில் திறமைச் சித்தி. அவளே நம்பிவிட்டாள்.

அழைப்பிதழ் வந்ததும் போய்க் கூப்பிட்டேன். விழாவுக்கு வா, முன்வரிசையில் இருப்போம், மேடையில் வைத்து அவரைக் கேட்கிறேன் என்றேன். தலையை ஆட்டினாள்.

"வேணாம்ணே. நான் வந்தா விழாவும் நின்னுரும்."

பகிடியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே பயந்து சொன்னாள்.

தலைவர் செத்துவிட்டார். கனகசபை கண் தெரியாமல் மகள் வீட்டில் இருக்கிறார். நான் சொல்லி ஒருவரும் நம்பவில்லை, இனியும் நம்பப் போவதில்லை. நீங்கள் ஒருவர்தான் மிச்சம் ஐயா. நீங்கள் கெடுத்ததை நீங்கள் சொன்னால்தான் ஊர் மாற்றும், அவளும் நம்புவாள். சொல்வீர்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

விழா மேடையில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கையில் தருவார்கள். அந்த மைக்கில் சொல்லுங்கள். மேடையில் வாய் வராவிட்டால் இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். மெசின் நின்றது அஞ்சலையின் கையாலா, நீங்கள் அடைத்த பெட்டியாலா? அது உங்களுக்கு அன்றைக்கே தெரியுமா, தெரியாதா?

எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். "இருக்கலாம்" என்று மட்டும் எழுத வேண்டாம்.